சிபாரிசு இல்லாத பிள்ளை

என் சொந்த ஊர் மேச்சேரி. சேலத்திலிருந்து மேட்டூர் அணைக்குப் போகிற ரயில் பாதையில் ‘மேச்சேரி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. ‘ரோடு’ என்று வால் வைத்த ஸ்டேஷன் எதிலும் இறங்கின உடனே ஊர் வந்துவிடாது என்பது பிரயாணிகளுக்குத் தெரிந்த விஷயம். எங்கள் ஊருக்கு இரண்டு விஷயங்களில் கீர்த்தி. ஒன்று, பத்திரகாளியம்மன். இன்னொன்று, ஆடு. மேச்சேரி ஆடு என்றால் மாட்டு வைத்தியக் கல்லூரிப் புத்தகங்களிலேயே பெயர் இருக்கிறது. செம்பழுப்பு நிறம், கம்பளி கிடையாது, குட்டை மயிர், தோல் மிக உயர்ந்த ரகம். இந்த ஆட்டை ஆராய்வதற்கென்றே 1978-இல் பக்கத்துப் பொட்டனேரியில் சர்க்கார் ஒரு நிலையம் ஏற்படுத்தியது. ஆட்டுக்கு ஊரின் பேரால் கிடைத்த கௌரவம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வெகு காலம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது என் சித்தப்பா மகனுடைய பேத்தி, பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவள், திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே படித்தவள். வைத்தியப் படிப்புக்கான ‘நீட்’ பரீட்சையில் தேறிவிட்டாள். ஆனால் பொதுப் பட்டியலில் இடம் கிடைக்க அந்த மார்க்குப் போதாது. சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஏழரை சதவீதத்தில் கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்கிறார்கள். அவளுக்கு அதில் மனமில்லை.

“ஏனுங்க பெரிய தாத்தா, இன்னொரு வருசம் படிச்சு, எந்தச் சலுகையும் இல்லாம, யார் சிபாரிசும் இல்லாம, பொதுப் பட்டியல்லயே வந்தா நல்லதில்லீங்களா? இல்லீன்னா அஞ்சு வருசமும் ‘ஏழரையில வந்தவ’ன்னுதானே சொல்லுவாங்க?”

அந்த இன்னொரு வருஷத்துக்குப் பயிற்சி நிலையத்தில் கட்ட வேண்டிய தொகைக்கு, வீட்டில் இருக்கிற ஆடுகளில் பாதி சந்தைக்குப் போக வேண்டும். அவளுடைய அப்பனுக்கு இது சம்மதமில்லை. அம்மாவுக்கு மகள் ஆசைப்படுகிறாளே என்று ஒரு பக்கம், ஆடு போகிறதே என்று ஒரு பக்கம். தாத்தா, அதாவது என் தம்பி, ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

புத்தி சொல்வதில் எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. நாவல் எழுதுகிறவன், பாத்திரங்களுக்கே புத்தி சொல்லத் தெரியாமல் கஷ்டப்படுத்தி வைத்திருக்கிறேன். அதனால் அந்தப் பெண்ணுக்குப் பழைய கதை சொன்னேன். சலுகை இல்லாமல் ஒருவன் பெரிய கல்லூரிக்குள் நுழைவது என்பது நம் தேசத்தில் எப்போது, எப்படி நடந்தது என்கிற கதை. நேயர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நம்மவர்கள் ஒரு தேர்தல் முறைக்காகப் பெருமைப்படுவதென்றால் உத்தரமேரூர்க் கல்வெட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. பெயர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறு பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அதைவிடச் சுத்தமான ஏற்பாடு எங்கே இருக்கிறது? சிபாரிசுக் கடிதம் எழுதினாலும் பையனுக்குப் படிக்கத் தெரியாது! ஆனால் அதே கல்வெட்டைச் சற்று மேலே வாசித்தால், குடத்துக்குள் ஓலை விழுவதற்கே நிபந்தனை இருக்கிறது. கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேத சாஸ்திர ஞானம் வேண்டும். குலுக்கல் நேர்மையானதுதான். குடத்துக்கு வெளியே நின்றவனுக்கு அந்த நேர்மையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதைதான். 1853-இல் சட்டம் செய்து, கம்பெனியின் டைரக்டர்கள் தங்களுக்கு வேண்டிய பிள்ளைகளைச் சிவில் சர்வீஸுக்கு நியமிக்கிற உரிமையை எடுத்துவிட்டார்கள். இனிமேல் போட்டிப் பரீட்சை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். பரீட்சை நடந்த இடம் லண்டன். கப்பல் ஏறிப் போய் 1863-இல் சத்யேந்திரநாத் டாகூர் தேறினார், இந்தியர்களில் முதல்வராக. பிறகு 1878-இல் வயது வரம்பைப் பத்தொன்பதாகக் குறைத்தார்கள். பத்தொன்பது வயதுக்குள் கடல் தாண்டி, அவர்கள் பாஷையில், அவர்கள் பாடத்தை அவர்கள் பிள்ளைகளோடு எழுத வேண்டும். கதவு திறந்தே இருந்தது என்பதை மறுக்க முடியாதுதான்.

இனி நம் ராஜ்யத்துக்கு வருவோம். சுதந்திரம் வந்த புதிதில் சென்னை ராஜ்யத்தில் சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் நான்கு. சென்னையில் இரண்டு, விசாகப்பட்டணத்தில் ஒன்று, குண்டூரில் ஒன்று. எல்லாமாகச் சேர்ந்து 330 இடங்கள். இஞ்சினீரிங் கல்லூரிகளும் நான்கு, 395 இடங்கள். கிருஷ்ணா நதிக்கு அப்பாலிருந்து கன்னடக் கரை, மலபார் வரை பரந்து கிடந்த ராஜ்யம் முழுவதற்கும் இவ்வளவுதான். எங்கள் சேலம் ஜில்லாவில் அந்த நாளில் வைத்தியக் கல்லூரி என்பதே கிடையாது. அது 1986-இல்தான் வந்தது.

இந்த இடங்களைப் பங்கிட ‘கம்யூனல் ஜி.ஓ.’ என்று ஓர் உத்தரவு இருந்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இந்தப் பட்டியலை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஒரு விஷயம் வெகு நாள் வரை என் கண்ணில் படவே இல்லை. அந்தப் பதினான்கில் ‘பொது’ என்று ஓர் அறை கிடையாது! ஒவ்வொருவனும் ஏதோ ஓர் அறை வழியாகத்தான் உள்ளே போனான். ஆகவே ‘நீ ஒதுக்கீட்டில் வந்தவன்’ என்று ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அந்த ஏச்சு பிறப்பதற்கு ஒரு பொதுப் பட்டியல் பிறக்க வேண்டியிருந்தது.

அது பிறந்தது 1950-இல் தொடங்கின வழக்கினால். செண்பகம் துரைராஜன் என்ற அம்மாள், வைத்தியக் கல்லூரியில் தமக்கு ஜாதி காரணமாக இடம் கிடைக்காது என்று அறிந்ததாக ஹைகோர்ட்டில் மனுப்போட்டார். அந்த அம்மாள் உண்மையில் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சரித்திரத்தில் இப்படியும் நடப்பதுண்டு; சந்தைக்கே போகாதவர் பேரால் சந்தைக்குப் பெயர் வந்துவிடும். கூட மனுப்போட்ட ஸ்ரீனிவாசன் என்ற இளைஞர் மெய்யாகவே விண்ணப்பித்தவர். இஞ்சினீரிங் கேட்டார், இன்டர்மீடியட்டில் விருப்பப் பாடங்களில் 450-க்கு 369 மார்க் வாங்கியிருந்தார். அவருக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர், அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் ஒருவர். தாம் வரைந்த சட்டத்தை வைத்துக்கொண்டே வாதாடினார் என்றால் எதிர்ப் பக்கத்தின் கதி எப்படி இருந்திருக்கும்! 1950 ஜூலை 27-இல் ஹைகோர்ட்டும், 1951 ஏப்ரல் 9-இல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு செல்லாது என்றன.

ராஜ்யம் கொதித்தது. பெரியார் ஒரு பக்கம், காங்கிரஸ்காரர்களே ஒரு பக்கம் கிளர்ச்சி செய்தார்கள். அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஒன்றரை வருஷத்துக்குள், 1951 ஜூன் 18-இல், அதற்கு முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற ஷரத்து அப்போது சேர்ந்ததுதான். பொதுப் பட்டியல் ஒரு பக்கமும் ஒதுக்கீடு ஒரு பக்கமுமாக இன்றுவரை நாம் பார்க்கிற வீடு அன்றைக்குக் கட்டியது.

அந்த ஸ்ரீனிவாசன் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 369 மார்க் வாங்கின பிள்ளைக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்த வயிற்றெரிச்சல் பொய்யில்லை. நான் கேட்பது வேறு. அந்த 330 வைத்திய இடங்களில் 12, அந்த 395 இஞ்சினீரிங் இடங்களில் 12, சர்க்கார் தன் இஷ்டப்படி கொடுப்பதற்கென்று தனியே இருந்தன. தீர்ப்பில் இந்த எண்ணிக்கை போகிற போக்கில் ஒரு வரியாக வருகிறது. ஜாதிப் பங்கீட்டை எதிர்த்து அவ்வளவு பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள். மந்திரிக்கு வேண்டியவன் என்கிற பங்கீட்டை எதிர்த்து அந்த வழக்கில் பேச்சே எழவில்லை. சிபாரிசு என்பது அப்போது காற்றைப் போல் இருந்தது. யாரும் அதைப் பார்த்ததில்லை.

இது நம் நாட்டுக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் மேல் ஒரு வழக்கு நடந்தது. அதில் வெளிவந்த கணக்கை ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பது: அங்கே இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் நூற்றுக்கு 43-க்கு மேற்பட்டவர்கள் விளையாட்டுக்காகச் சேர்த்துக் கொண்டவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், நன்கொடைக்காரர் முதலான முக்கியஸ்தர் பட்டியலில் இருந்தவர்கள். 2023-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், இனத்தைப் பார்த்து இடம் கொடுப்பது கூடாது என்று தீர்ப்பளித்தது. பழைய மாணவன் பிள்ளை என்கிற சலுகை அந்தத் தீர்ப்பால் ஒன்றும் ஆகவில்லை. உலகம் முழுவதும் ஒரே மேச்சேரிச் சந்தைதான் என்று சில சமயம் தோன்றுகிறது.

சர்க்கார் கையில் இருந்த இடங்களைப் பற்றி நம் ஜனங்கள் ஒரு கதை சொல்வதுண்டு. காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது அவரிடம் ஒரு கட்டு விண்ணப்பத்தைக் கொடுத்துப் பொறுக்கச் சொன்னார்களாம். அவர் மார்க்கையும் பார்க்கவில்லை, சிபாரிசுக் கடிதத்தையும் பார்க்கவில்லை. தகப்பனார் கையெழுத்துப் போடுகிற இடத்தில் கைநாட்டு இருந்த விண்ணப்பங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தாராம். நடந்ததோ இல்லையோ, ஊருக்கு ஊர் இதைச் சொல்லாதவர் இல்லை. எங்கள் ஊரில் இதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். ஏனென்றால் எங்கள் தகப்பன்மார் எல்லோரும் கைநாட்டுத்தான்.

ஆனால் கைநாட்டுக்காரன் பிள்ளைக்கு விண்ணப்பம் என்று ஒன்று போட முடிந்ததே அப்போதுதான். பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்து, 1956-இல் மதிய உணவும் வந்தபிறகுதான் ஆட்டுக்குப் பின்னால் போன பையன்கள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். என் தம்பி அந்த ஜமாவில் ஒருவன்.

அந்த நாளில் வைத்தியக் கல்லூரி இடங்களை ஜில்லாவாரியாகப் பிரிக்கும் வழக்கம் இருந்தது. ராஜ்யத்தின் ஜனத்தொகையில் ஒரு ஜில்லாவின் பங்கு எவ்வளவோ, இடத்திலும் அவ்வளவு. இல்லாவிட்டால் பட்டணத்துப் பிள்ளைகளே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது சர்க்காரின் வாதம். எங்களைக் கேட்டால் நியாயம் என்போம். சேலம் ஜில்லாப் பையன் சேலம் ஜில்லாப் பையனோடு போட்டி போடுவான். மயிலாப்பூரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். 1968 ஜனவரியில், ராஜேந்திரன் என்பவர் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் இதையும் தள்ளிவிட்டது. நல்ல மாணவர்களைப் பொறுக்குவதுதான் நோக்கம் என்றால், ஒரு ஜில்லாவில் அதிக மார்க் வாங்கினவன் வெளியே நிற்க, இன்னொரு ஜில்லாவில் குறைந்த மார்க் வாங்கினவன் உள்ளே போவது எப்படிச் சரியாகும் என்றது. தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. தர்க்கம் சரியாக இருக்கிற இடத்தில்தான் ஏழைக்கு வழக்கமாகத் தோல்வி.

ஜில்லா போயிற்று, ‘யூனிட்’ வந்தது. சென்னை நகரத்துக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட், வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு யூனிட், ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுக்குக் குழு. பையன் ஏதாவது ஒரு யூனிட்டுக்குத்தான் விண்ணப்பம் போடலாம். அதோடு பேட்டி. பாட மார்க்கோடு பேட்டிக்கு 75 மார்க். எதற்கெல்லாம் மார்க் என்றால், விளையாட்டு அல்லது என்.சி.சி.; படிப்புக்கு வெளியே செய்த சேவை; உடற்கட்டும் தாக்குப்பிடிக்கும் சக்தியும்; பொதுத் திறமை; அப்புறம் ‘நாட்டம்’.

இங்கேதான் என் தம்பியின் கதை வருகிறது. எந்த வருஷம், எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதெல்லாம் வேண்டாம். பாட மார்க் நன்றாகவே வாங்கியிருந்தான். எங்கள் ஜாதி ஜனத்தில் அப்படி ஒரு மார்க் அதுவரை பிறந்ததில்லை. பேட்டிக்கு நான்தான் துணைக்குப் போனேன். என் சட்டையை அவன் போட்டுக்கொண்டான். அவன் சட்டையை நான் போட்டுக்கொண்டேன், கையெல்லாம் குட்டையாக. நடையில் பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் இருந்த பிள்ளைகள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். அவர்களோடு வந்த தகப்பன்மார்களில் இருவர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கி, குழுவில் இருக்கிறவர்களின் உடம்பு சௌக்கியம் பற்றி விசாரித்துக்கொண்டார்கள்.

தம்பி உள்ளே போனான். கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் வெளியே வந்தபோது நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

“என்னடா கேட்டாங்க?”

“என்ன விளையாட்டுன்னு கேட்டாங்கண்ணா. விளையாட்டு ஒண்ணும் இல்லீங்கன்னேன். ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவேன்னாங்க. ஆடு மேய்ப்பேனுங்கன்னேன்.”

“அப்புறம்?”

“சிரிச்சாங்க. போலாம்னாங்க.”

உடற்கட்டுக்கும் தாக்குப்பிடிக்கும் சக்திக்கும் மார்க் உண்டு என்று நிபந்தனையில் அச்சடித்திருந்தது. சித்திரை வெயிலில் மேச்சேரிக் கரட்டில் நாள் முழுக்க நாற்பது ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறவனுக்கு அந்தத் தலைப்பில் எத்தனை போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கு அடுத்தாற்போல் உள்ளே போன பையனை, கதவு சாத்துவதற்குள், “அப்பா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. பட்டியல் வந்தது. தம்பியின் பெயர் இல்லை. திரும்பி வந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

1970 செப்டம்பரில் பெரியகருப்பன் என்ற மாணவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த யூனிட் முறையை ரத்து செய்தது. பேட்டி நடந்த லட்சணத்தையும் நீதிபதி ஹெக்டே அலசியிருந்தார். பாடத்தில் பின்னால் நின்ற சிலர் பேட்டியில் முன்னால் போயிருக்கிறார்கள். தலைப்பு வாரியாக மார்க் போட வேண்டியிருக்க, குழுவினர் மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு தமிழ்ப் பத்திரிகையில் வந்த அன்று நான் அதை வெட்டி வைத்தேன். தம்பியிடம் காட்டவில்லை. காட்டி என்ன செய்ய? பத்து வருஷம் கழித்து, காஷ்மீர்ப் பக்கத்து இஞ்சினீரிங் கல்லூரி ஒன்றைப் பற்றிய அஜய் ஹாஸியா வழக்கில், மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கைப் பேட்டிக்குக் கொடுத்திருந்ததைக் கண்டித்து, நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பேட்டிக்குப் போகக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் வரம்பு கட்டியது.

பேட்டியின் பிடி தளர்ந்தபின் 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. சிபாரிசை ஒழிக்க வந்த முறை. அந்த அளவில் அது நல்ல காரியம் செய்தது என்பதே என் அபிப்பிராயம். விடைத்தாளைத் திருத்துகிற யந்திரம் யாருடைய அப்பாவையும் சௌக்கியம் விசாரிக்காது. ஆனால் சிபாரிசு போன வழியே டியூஷன் வந்தது. நகரத்துப் பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் நுழைவுத் தேர்வு வகுப்புக்குப் போவான். எங்கள் ஊர்ப் பையன் எங்கே போவான்? 1990-களின் பிற்பகுதியில் கிராமத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 15 சதவீதம் என்று சர்க்கார் ஒதுக்கிப் பார்த்தது. கோர்ட்டில் அதுவும் நிற்கவில்லை. 2005-இலிருந்து நுழைவுத் தேர்வை எடுக்க முயன்று, கோர்ட்டில் தோற்று, கடைசியில் அனந்தகிருஷ்ணன் குழுவின் ஆலோசனைப்படி ஒரு சட்டம் இயற்றி, 2007-இல் ஒழித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஒன்றே போதும் என்றாயிற்று.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் எங்கள் பக்கத்து நாமக்கல் விழித்துக்கொண்டது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான ஊர். முட்டைக்கும் கோழிக்கும் பேர் போனது. அங்கே விடுதியோடு கூடிய பள்ளிகள் பெருகின. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடுவதேயில்லை. இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகமே. விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை எழுது, எழுது. ஜனங்கள் அவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். இந்த மாதிரிப் பெயர் வைப்பதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆளில்லை. ராஜ்யத்தின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் பெற்றோர்கள் நிலத்தை விற்று, நகையை விற்று அங்கே பிள்ளைகளைக் கொண்டு வந்து விட்டார்கள். மேச்சேரியிலிருந்து நாமக்கல் தூரமில்லை. ஆனால் அந்தப் பள்ளிச் சம்பளம் வெகு தூரம்.

2017-இல் தமிழ்நாட்டுக்கு நீட் வந்தது. அரியலூர் ஜில்லா குழுமூரில் மூட்டை தூக்குகிறவர் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கியவள். முந்தின வருஷமாக இருந்தால் வைத்தியக் கல்லூரி வாசல் தானாகத் திறந்திருக்கும். நீட்டில் 720-க்கு 86. சுப்ரீம் கோர்ட் வரை போனாள். அந்த செப்டம்பர் முதல் தேதி அவள் உயிர் போயிற்று. அதைப் பற்றி அலங்காரமாக எழுத என் பேனாவுக்கு மனம் வராது.

2021-இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு தந்த கணக்குகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நீட்டுக்கு முன் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் தமிழில் படித்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்துக்குச் சற்றுக் குறைவு; நீட்டுக்குப் பிறகு இரண்டு, மூன்று. மறுபடி மறுபடி பரீட்சை எழுதிச் சேர்ந்தவர்கள் முன்பு நூற்றுக்குப் பன்னிரண்டு பேர், 2020-21-இல் எழுபத்தொன்று. இரண்டாவது கணக்கைச் சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்போ பொதுப் பட்டியல்ல வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு ரெண்டாம் தடவை, மூணாம் தடவை எழுதினவங்களா?”

“அந்தக் கணக்குப்படி அப்படித்தான், கண்ணு.”

“அந்த வருசமெல்லாம் அவங்கள யாரு ஒக்கார வெச்சு சோறு போட்டாங்க?”

“அவங்க அப்பா அம்மாதான்.”

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானே மிச்சத்தைச் சொல்லி முடித்தேன். சர்க்கார் பள்ளியிலிருந்து வைத்தியக் கல்லூரிக்குப் போனவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தபின், நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீதம் ஒதுக்கச் சொன்னது. சர்க்கார் ஏழரை என்றது. 2020 அக்டோபர் முடிவில் கவர்னர் சட்டத்துக்குச் சம்மதம் தந்தார். முதல் வருஷமே முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். 2022-இல் ஹைகோர்ட்டும் சட்டம் செல்லும் என்றது. அவர்களும் நீட் தேறித்தான் ஆக வேண்டும். உள்ளே போனபின் எழுதுகிற பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றே.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. சர்க்கார் பள்ளியில் இல்லாமல், ஊர்ப்புறத்தில் குறைந்த சம்பளத்துக்கு நடக்கிற தனியார் பள்ளியில், கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்த கைத்தறிக்காரனுக்கு இந்த ஏழரையில் பங்கில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பையன் என்னிடம் வந்து, “எனக்கு என்ன வழி?” என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. 369 மார்க் வாங்கின ஸ்ரீனிவாசனின் வயிற்றெரிச்சல் இப்போது எங்கள் தெருவில் ஒரு தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறது.

நான் பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. பட்டியில் ஆடுகள் அடங்கிக் கிடந்தன. தூணில் சாய்ந்தபடி அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த என் தம்பி முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

“ஏன் சாமி, இதுல பேட்டி உண்டா?”

“இல்லீங்க தாத்தா. மார்க்கு மட்டுந்தான். சேர்ற அன்னிக்குத் திரையில எடம் காட்டுவாங்க, நாமளே எடுத்துக்கலாம்.”

“உள்ள கூப்பிட்டு ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும், அதில் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் காலையில் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்தான். ஒன்பது மணிக்கு என்றாள். “நானும் வர்றேன்” என்று சொல்லிவிட்டு, துவைத்த வேட்டி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனான்.